திண்டுக்கல்லில் ரயில், நெருஞ்சிப்பேட்டையில் படகு: சைக்கிளோடு கிளம்பும் தங்கைக்கு

நத்தத்தில் ரயில் நிலையம் கிடையாது, படகு ஓடுகிற ஆறும் கிடையாது. அதனால் ரயிலும் படகும் சேர்ந்த சைக்கிள் பயணம் நமக்கு எட்டாது என்று நினைத்துவிடாதே, தங்கச்சி. திண்டுக்கல்லில் ரயிலேறி ஈரோட்டில் இறங்கு. அங்கிருந்து காவிரியின் மேற்குக் கரையோடு பவானி, அம்மாபேட்டை வழியாக நெருஞ்சிப்பேட்டை. சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு விசைப்படகில் அக்கரைப் பூலாம்பட்டி. பிறகு கிழக்குக் கரையோடு தேவூர், குமாரபாளையம் என்று இறங்கினால் மறுபடி ஈரோடு. மொத்தம் 80 கிலோமீட்டரை ஒட்டி வரும். நீயும் உன் தோழியும் பொழுது சாயும் முன் முடித்துவிடலாம். மிதிப்பதுதான் இதில் சுலபமான வேலை. ரயிலும் படகும் ஏறி இறங்கும் இடங்களில்தான் நேரம் கரையும். அதனால் அவற்றைப் பற்றியே அதிகம் சொல்கிறேன்.

ப்ளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த சைக்கிளே போதும். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது கடையில் விட்டு, வீல் பெண்டு எடுத்து, பிரேக் கட்டை மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு வாங்கு. கடைசி நாளில் கொடுக்காதே. புதுக் கட்டை ரிம்மில் உரசுகிறதா என்று பார்க்க நாலு நாள் ஓட்ட வேண்டும். வால்டியூப் இரண்டு, ஒரு ஸ்பேனர், சின்னப் பம்ப், பஞ்சர் ஒட்டும் சாமான் கையில் இருக்கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கோபால்பட்டி வழியாகத் திண்டுக்கல் வரை ஓட்டிப் பாருங்கள். அந்தத் தூரம் காவிரிச் சுற்றில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. மறுநாள் முதுகும் முழங்காலும் என்ன சொல்கிறதோ அதை வைத்து முடிவெடு.

எப்போது போவது? ஆற்றைக் கேட்டுவிட்டுத்தான். மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அணை நிரம்பி உபரிநீர் திறந்துவிட்டால் பூலாம்பட்டிப் படகை நிறுத்திவிடுவார்கள். பாசனத்துக்காக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை தண்ணீர் விடுவது அணையின் வழக்கம். ஆடி, ஆவணியில் காற்றும் எதிர்த்து அடிக்கும், வெள்ளமும் வரும். என் கணக்கில் தை, மாசிதான் சரி. ஆனால் நம் மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவில் விரதம் இருப்பவளானால் தையிலேயே போய்விட்டு வா. நெருஞ்சிப்பேட்டைக் கதவணையில் பராமரிப்பு வேலை நடந்து தண்ணீரை வடித்திருந்தாலும் படகு ஓடாது. முதல் நாளே அந்தப் பக்கம் தெரிந்தவர்கள் யாரிடமாவது கேட்டுக்கொள். படகு இல்லையென்றால் பவானி வரை வந்த வழியே திரும்புவது என்று மனசில் முன்கூட்டியே வைத்துக்கொள். ஆற்றங்கரையில் நின்று யோசிக்காதே.

இனி ரயில். நாகர்கோவில்–கோவை இரவு வண்டி விடிவதற்கு முன்பே திண்டுக்கல்லைத் தாண்டி, கரூர் வழியாக ஈரோடு போகிறது. அதனால் முந்தின சாயங்காலமே திண்டுக்கல் சேர வேண்டும். சைக்கிளைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது. காய்கறியோ மாங்காயோ ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் போகும் குட்டியானைக்காரர் தெரிந்தவராக இருந்தால் அவரிடம் சொல்லி ஏற்றிவிடு. நேரே பார்சல் அலுவலகத்துக்குப் போய், டிக்கெட்டைக் காட்டி, ‘லக்கேஜ்’ என்று சொல்லிப் பதிவு செய். இதைக் கவனமாகக் கேள்: பார்சலாகப் பதிந்தால் சைக்கிள் வேறு வண்டியிலும் வரலாம்; லக்கேஜ் என்றால் நீ போகும் வண்டியிலேயே பிரேக் வேனில் வரும். வண்டி புறப்பட அரை மணி நேரம் முன்னால் கொடுக்க வேண்டும் என்பது விதி, ஆனால் நீ இரண்டு மணி நேரம் முன்னால் போ. பெடலையும் செயின் பக்கத்தையும் சாக்குத் துணியால் சுற்று. பெயர், ஃபோன் நம்பர், ‘ஈரோடு’ மூன்றையும் அட்டையில் பெரிதாக எழுதிக் கட்டு. விளக்கு, தண்ணீர் பாட்டில், பூட்டுச் சாவி எல்லாம் உன் பையில். ரசீதைப் பத்திரமாக வை, அது இல்லாமல் ஈரோட்டில் சைக்கிள் கைக்கு வராது. இரவில் ஏதாவது சங்கடம் என்றால் 139-ஐக் கூப்பிடு.

ஈரோட்டில் வெளிச்சம் வரும்வரை காத்திருப்பு அறையிலேயே இருங்கள். பவானிச் சாலையில் லாரியும் பஸ்ஸும் அதிகம். சீக்கிரம் கிளம்பினால் பாதி நெரிசல் மிச்சம். பேசிக்கொண்டே பக்கத்தில் பக்கத்தில் ஓட்டாதீர்கள். இருவரில் மெதுவாக மிதிப்பவள் முன்னால் போகட்டும், வேகம் அவள் வைத்ததுதான். துப்பட்டாவைச் செயின் பக்கம் தொங்கவிடாமல் இடுப்பில் முடிந்துகொள், இல்லையென்றால் வீட்டிலேயே விட்டுவிடு. வழியில் 13ஆம் நூற்றாண்டில் வெட்டிய காலிங்கராயன் வாய்க்கால் இன்றும் வயலுக்குப் பாய்கிறது. அங்கே ஐந்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போங்கள். பவானி கூடுதுறையில் காலைச் சாப்பாடு. அதற்கு மேல் நீரோட்டத்துக்கு எதிர்த்திசை, லேசான ஏற்றம். கால் புதுசாக இருக்கும்போதே அது முடிந்துவிடுகிறது என்பதால்தான் மேற்குக் கரையை முதலில் சொன்னேன்.

படகுத்துறையில் முதல் கேள்வி, கடைசிப் படகு எப்போது என்பது. இரண்டாவது, லைஃப் ஜாக்கெட் எங்கே என்பது. கேட்க வெட்கப்படாதே. மோட்டார் சைக்கிள்களும் ஏறும் படகு அது, அவை நின்ற பிறகு உன் சைக்கிளை ஏற்று. ஸ்டாண்டை நம்பாமல் பிரேக்கைப் பிடித்தபடி கூடவே இரு. பூலாம்பட்டியில் மீன் வறுவல் நன்றாக இருக்கும். ஆனால் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மிதிக்க முடியாது, அளவாகச் சாப்பிடு. கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைக் குமாரபாளையம் தாண்டும் வரை வைத்துக்கொள்.

‘பொம்பளப் பிள்ளைக ரெண்டு பேர் அவ்வளவு தூரமா?’ என்று அப்பத்தா கேட்டால், பக்கத்துப் புதுக்கோட்டைக் கதையைச் சொல். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அங்கே பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல்குவாரியில் வேலை பார்த்த பெண்கள்கூட ஓட்டக் கற்றுக்கொண்டு, தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் வைத்து மிதித்தார்கள். அது அப்பத்தா காலத்திலேயே நடந்தது.

திரும்பும் இரவு வண்டிக்கும் ஈரோட்டில் அதே பதிவு, அதே ரசீது. இருட்டும் முன் பார்சல் அலுவலகம் போய்ச் சேருங்கள். வண்டி கரூரைத் தாண்டும்போது அம்மாவுக்கு ஒரு ஃபோன் போடு. திண்டுக்கல்லில் இறங்கும்போது நடு இரவாகிவிடும், அந்த நேரத்தில் நத்தம் சாலையில் மிதிக்காதே. காத்திருப்பு அறையில் படுத்து எழுந்து, விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு குட்டியானைக்காரருக்குச் சொல்லிவிடு.