கால் முளைத்தது கரையில் அல்ல

முதல் மழை விழுந்த இரவில் வரப்பைத் தாண்டி ஊர்ந்து போகும் பனையேறிக் கெண்டையைப் பார்த்துவிட்டு, "ஆதியில மீன் இப்படித்தான் கரையேறுச்சு, அப்புறம் கால் முளைச்சுது" என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டு பாதியும் தப்பு.

பனையேறியின் புகழ் பழசு. டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில், 1791இல், குளத்தங்கரைப் பனையில் ஐந்தடி உயரத்தில் இந்த மீனைப் பிடித்ததாக லெப்டினன்ட் டால்டார்ஃப் எழுதிய குறிப்பு 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் அச்சேறியது. மரமேறியதை நான் அவ்வளவாக நம்பவில்லை. தரையில் ஊர்வது நிஜம். செவுள் மூடியின் முட்களை மண்ணில் ஊன்றி, வாலை உதைத்து நகரும். ஆனால் அது காற்றை வாங்குவது நுரையீரலால் அல்ல, செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக இருக்கும் தனி உறுப்பால். அதன் துடுப்பில் விசிறிக் குச்சிபோல முள் வரிசைதான். நம் கை எலும்புக்கு ஒப்பாக உள்ளே எதுவும் நீண்டிருக்காது. நம் முன்னோர்களான சதைத்துடுப்பு மீன்களும் பனையேறியின் முன்னோர்களும் 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன. பிச்சாவரத்துச் சேற்றில் துள்ளும் மீனும் பனையேறியின் கட்சிதான். கரையேறும் வித்தையை இவை தனியாகக் கற்றுக்கொண்டன.

அடுத்து, கால். குளம் வற்றியது, மீன் அடுத்த குளம் தேடித் தரையில் நடந்தது, நடந்து நடந்து கால் வந்தது என்ற கதையை அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஆல்ஃபிரட் ரோமர் பரப்பினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. 1987இல் ஜென்னி கிளாக் குழுவினர் கிழக்கு கிரீன்லாந்தில் தோண்டி எடுத்த அகாந்தோஸ்டீகா என்ற புதைபடிவம் அதைக் கவிழ்த்தது. வயது சுமார் 36.5 கோடி ஆண்டு. நான்கு கால், விரல்கள் எல்லாம் உண்டு. ஆனால் அந்த மணிக்கட்டு உடல் பாரத்தைத் தாங்காது. வாலில் மீன் துடுப்பு அப்படியே இருக்கிறது. உள்செவுள் இருந்ததற்கான எலும்புத் தடயமும் இருக்கிறது. காலும் விரலும் வைத்துக்கொண்டு தண்ணீரிலேயே குடித்தனம் நடத்திய பிராணி. செடிகொடி அடர்ந்த ஆழமில்லாத ஆற்றில், தண்டுகளை விலக்கி உந்திப் போக அந்தக் கால் போதும்.

விரல்களை எண்ணியபோதுதான் பெரிய அதிர்ச்சி: முன்காலில் எட்டு! அதே கிரீன்லாந்தின் இக்தியோஸ்டீகாவுக்குப் பின்காலில் ஏழு, ரஷ்யாவின் டுலர்பெட்டனுக்கு ஆறு. ஐந்து என்ற கணக்கு பிறகுதான் நிலைபெற்றது. இந்த விரல்களை எண்ணும்வரை ஐந்துதான் ஆதி எண்ணிக்கை என்று நாம் எல்லோருமே நம்பியிருந்தோம்.

நுரையீரலும் கரைக்காக வந்ததில்லை. மீனின் காற்றுப்பை பிற்பாடு நுரையீரலானது என்று டார்வின் நினைத்தார், நடந்தது தலைகீழ். எலும்பு மீன்களின் பொது மூதாதைக்கே எளிய நுரையீரல் இருந்தது, பல மீன்களில் அது காற்றுப்பையாக மாறியது. இன்றுள்ள நுரையீரல் மீனோ சதைத்துடுப்புக் கூட்டம், அதனால் நெத்திலியைவிட நமக்குத்தான் அது நெருங்கிய சொந்தம்.

கடைசியாக, டிக்டாலிக். கனடாவின் எல்ஸ்மியர் தீவில் 2004இல் கிடைத்த இந்த 37.5 கோடி ஆண்டுப் புதைபடிவத்தைக் காட்டி, "கரையேறிய முதல் மீன் இதுவே, நம் பாட்டன்" என்பார்கள். செதிலும் துடுப்பும் மீனுக்குரியவை. கழுத்தும் மணிக்கட்டு எலும்பும் நான்குகால் விலங்குகளை நோக்கியவை. அற்புதமான சான்றுதான். ஆனால் பாட்டன் என்று சொல்வதைவிட ஒன்றுவிட்ட தாத்தா என்பதே பொருந்தும். ஏனென்றால் போலந்தின் ஒரு கல்குவாரியில், சுமார் 39 கோடி ஆண்டுப் பாறையில், கால்தடங்கள் இருப்பதாக 2010இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. விரல் அச்சும் தெரிகிறதாம். மீன்கள் சேற்றைக் கிளறிய குழிகள் என்று மறுப்போரும் இருக்கிறார்கள். தடத்தைப் பதித்த பிராணியின் எலும்பு ஒன்றுகூட அங்கே கிடைக்கவில்லை.