எட்டு ஏத்துவாங்களா, சார்?

ஹாங்காங்கில் கப்பல் நிறுவனங்களுக்கு வானிலை ஆலோசனை சொல்லும் நம் நிபுணர், இந்த முறை செப்டம்பர் மாதக் கேள்விகளை எடுத்துக்கொள்கிறார். அங்கே குடியிருக்கும் தமிழர்களும், பிள்ளைகளை அங்கே அனுப்பிவிட்டு இங்கே டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களும் எழுதியவை.

தம்பி, என் மகன் துங் சுங்கில் இருக்கிறான். செப்டம்பர் இரண்டாவது வாரம் டிக்கெட் போட்டிருக்கிறோம். போனில் பார்த்தால் ஒன்பது நாளும் மழைப் படமாகவே இருக்கிறது. கேன்சல் செய்துவிடலாமா?
– ஒரு தாய், திருச்சி

அம்மா, அந்தக் குட்டிப் படங்களைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரு நாளில் இருபது நிமிடம் கொட்டினாலும் அதே மேகம், அதே மூன்று துளிதான் போடுவார்கள். ஹாங்காங்கில் செப்டம்பரின் சராசரி மழை சுமார் 320 மில்லிமீட்டர். அது மாதம் முழுக்க நசநசவென்று தூறுவதில்லை. காலையில் சுள்ளென்று வெயில், மதியம் இடியோடு ஒரு கொட்டு, மாலையில் மறுபடி புழுக்கம். இடையில் ஒரு வாரம் சொட்டுக்கூட விழாமலும் போகும்.

புயலைப் பொறுத்தவரை, ஐந்து நாளுக்கு அப்பால் அது இன்ன ஊருக்குத்தான் வரும் என்று அடித்துச் சொல்கிறவரை நம்ப வேண்டாம். கிளம்பி வாருங்கள். ஆனால் ஊர் திரும்பிய மறுநாளே கல்யாணம், பத்திரப் பதிவு, கண் ஆபரேஷன் என்று எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். மாத்திரைகள் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக இருக்கட்டும். துங் சுங் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் மட்டும் விமானம் கிளம்பிவிடாது.

செப்டம்பரில் அங்கே குளிருமா? ஸ்வெட்டர் தேவையா?
– எஸ். வி., ஈரோடு

மெட்ரோ ரயிலுக்குள் குளிரும். வெளியே 30 டிகிரி.

சென்னைத் துறைமுகத்தில் 3-ஆம் எண் கூண்டு ஏற்றினால் நாங்கள் பாட்டுக்கு டீக்கடைக்குப் போவோம். ஹாங்காங்கில் 3 போட்டதும் பேத்தியின் மழலையர் பள்ளிக்கு லீவு விட்டார்களாம். அவ்வளவு பயந்த ஊரா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ராயபுரம்

ஐயா, இரண்டு எண்ணும் ஒன்றல்ல. நம் துறைமுகங்களில் ஏற்றும் 1 முதல் 11 வரையிலான கூண்டுகள் கப்பல் கேப்டனுக்கான சேதி. புயல் தூரத்தில் இருக்கிறதா, துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும், அபாயம் எவ்வளவு என்று அவருக்குத்தான் சொல்கிறோம். 11 என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். ராயபுரத்தில் டீ குடிப்பவருக்கு அதில் நேரடியாக ஒன்றும் இல்லை.

ஹாங்காங் எண்கள் ஊர் மக்களுக்கு. 1 என்றால் சுமார் 800 கிலோமீட்டருக்குள் ஒரு புயல் இருக்கிறது, கவனமாயிரு. 3 என்றால் ஊருக்குள்ளேயே மணிக்கு 41 முதல் 62 கிலோமீட்டர் வரை காற்று. நாலு வயதுக் குழந்தை அந்தக் காற்றில் குடையைப் பிடித்தால் குடை குழந்தையைப் பிடித்துக்கொண்டு போகும். லீவு விட்டது சரிதான். 8 என்றால் 63 முதல் 117 வரை. 10 என்றால் 118-க்கு மேல்.

3-க்கு அடுத்து நேராக 8 ஏன் என்றும் பலர் கேட்டிருக்கிறீர்கள். முன்பு 5, 6, 7, 8 நான்கும் ஒரே வேகக் காற்றையே குறித்தன. திசைதான் வேறு. மக்களோ 5-ஐ விட 8 மோசம் என்று நினைத்துக்கொண்டார்கள். 1973-இல் நான்கையும் 8 ஆக்கி, பக்கத்தில் வடகிழக்கு, தென்கிழக்கு என்று திசையைச் சேர்த்துவிட்டார்கள்.

சார், நாளைக்கு எட்டு ஏத்துவாங்களா?
– ஏழாம் வகுப்பு மாணவன், கவுலூன்

இந்த இதழ் உன் கைக்கு வரும்போது அந்த நாளை போன மாதமாகியிருக்கும். வீட்டுப்பாடத்தை முடித்திருப்பாய் என்று நம்புகிறேன்.

சிக்னல் 1 போட்டிருந்தார்கள். வெளியே பார்த்தால் மேகமே இல்லை, இலை அசையவில்லை, வெயில் மண்டையைப் பிளந்தது. வானிலை ஆய்வகம் சும்மா பயமுறுத்துகிறதா?
– ஆர். கே., சிம் சா சுய்

நீங்கள் அனுபவித்ததே புயலின் ஒரு பகுதிதான். புயலின் நடுவில் காற்று மேலே ஏறுகிறது. ஏறின காற்று எங்காவது இறங்கித்தானே ஆக வேண்டும்? புயலைச் சுற்றிப் பல நூறு கிலோமீட்டர் தள்ளி அது கீழே இறங்குகிறது. இறங்கும் காற்று அழுந்தும், அழுந்தினால் சூடாகும், மேகம் கட்டவிடாது. புயல் தென்கிழக்கில் இருக்கும்போது ஹாங்காங்குக்கு நிலப்பக்கத்திலிருந்து வடமேற்குக் காற்று லேசாக வரும். முத்து நதிப் படுகையின் தொழிற்சாலைப் புகையும் அதோடு சேர்ந்து வரும். துறைமுகத்துக்கு அக்கரையில் இருக்கும் கட்டடங்கள் சாம்பல் பூசினாற்போல் மங்கிவிடும். தொண்டை கரகரக்கும். சாயங்காலம் வானம் செக்கச்செவேல் என்று ஆகும், எல்லோரும் போட்டோ எடுப்பார்கள்.

2017 ஆகஸ்ட் 22 அன்று ஹாங்காங் ஆய்வகத் தலைமையகத்தில் 36.6 டிகிரி பதிவானது. 1884-இல் பதிவு தொடங்கியதிலிருந்து அங்கே அவ்வளவு வெப்பம் இருந்ததில்லை. மறுநாள் காலை ஹாட்டோ புயலுக்காக 10-ஆம் எண். இந்த மாதத்தில் சம்பந்தமில்லாமல் ஒரு நாள் அடுப்படி மாதிரி கொதித்தால் நான் முதலில் பார்ப்பது லூசான் தீவுக்குக் கிழக்கே என்ன இருக்கிறது என்றுதான்.

ஜன்னலில் பெருக்கல் குறி போல டேப் ஒட்டினால் கண்ணாடி உடையாதாமே, எந்த டேப் நல்லது?
– இல்லத்தரசி, ஷா தின்

எந்த டேப்பும் கண்ணாடியைப் பலப்படுத்தாது. உடைந்தால் சில்லுகள் கொஞ்சம் குறைவாகச் சிதறும், அவ்வளவே. டேப் ஒட்டிவிட்ட தைரியத்தில் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து வீடியோ எடுக்கிறார்களே, அதுதான் ஆபத்து. பால்கனியில் துளசித் தொட்டி, துணி காயப்போடும் கம்பி, அரிசி காயவைத்த தட்டு என்று இருக்குமே, அதை உள்ளே எடுங்கள். திரையை இழுத்து விடுங்கள். வேறு அறையில் படுங்கள்.

புயல் எல்லாம் சனி ஞாயிறு பார்த்துத்தான் வருமாமே? வேலை நாட்களில் வராமல் ஒரு பெரும் பணக்காரர் விசைப்புலம் வைத்துத் தடுக்கிறார் என்று ஆபீசில் சொல்கிறார்கள்.
– சாப்ட்வேர் என்ஜினியர், குவுன் தோங்

ஹாங்காங்கில் இது பழைய ஜோக். 2018-இல் மங்குட் புயல் வந்தது ஞாயிறுதான். ஆனால் ஹாட்டோ புதன், 2023-இல் சாவோலா வெள்ளி, 2025-இல் ரகாசா புதன். அந்தக் கருவியை யாராவது சர்வீசுக்கு விட்டால் தேவலை.

மருமகள் பங்குச் சந்தை நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். எட்டு போட்டால் லீவு என்றார்கள். போன முறை வீட்டிலிருந்தே ராத்திரி வரை கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கவில்லை. இது நியாயமா?
– மாமியார், காரைக்குடி

2024 செப்டம்பர் 23 முதல் புயலானாலும் மழையானாலும் ஹாங்காங் சந்தை மூடுவதில்லை. நியாயத்தை சந்தையிடம் கேளுங்கள். என்னிடம் காற்றைக் கேளுங்கள். ஒரு தட்டு இட்லியை மேசைக்கே அனுப்பி வையுங்கள்.

அலுவலகம் போகிற மற்றவர்களுக்கு: 8 போடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே ஆய்வகம் அறிவித்துவிடும். அந்த அறிவிப்பு வந்ததும் கிளம்புங்கள். "இந்த ஒரு மெயிலை முடித்துவிட்டு" என்று உட்கார்ந்தால் பஸ்ஸும் படகும் ஒவ்வொன்றாக நின்றுவிடும். 9 அல்லது அதற்கு மேல் போனால் மெட்ரோவிலும் திறந்தவெளித் தடங்கள் நிற்கும். டாக்ஸிக்காரர் கேட்கும் காசுக்கு நான் பொறுப்பல்ல.

மங்குட்டின்போது எங்கள் குடியிருப்பில் கடல்நீர் கார் நிறுத்தும் தளம் வரை வந்தது. சாவோலாவில் அப்படி இல்லை. இரண்டுக்கும் பத்துதானே போட்டார்கள்?
– எம். எஸ்., ஹெங் ஃபா சுவென்

கேட்க வேண்டிய கேள்வி. பத்து என்பது காற்று. கடல் எவ்வளவு ஏறும் என்பது அதில் இல்லை.

2018-இல் மங்குட் ஹாங்காங்குக்குத் தெற்கே சுமார் 100 கிலோமீட்டர் தள்ளிப் போனது. 2023-இல் சாவோலா அதைவிட நெருங்கி வந்தது. ஆனால் மங்குட் பரந்து விரிந்த புயல். பெரிய பரப்பில் அடித்த காற்று நெடுநேரம் கடலைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தது. விக்டோரியா துறைமுகத்தில், குவாரி பே அளவுகோலில், வழக்கமான மட்டத்துக்கு மேல் இரண்டேகால் மீட்டருக்கும் அதிகமாகத் தண்ணீர் ஏறியது. சாவோலா உக்கிரமானது, ஆனால் கச்சிதமானது. நெருங்கி வந்தும் அத்தனை தண்ணீரை அது தள்ளவில்லை.

எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். கூடவே மூன்று கேள்வி: புயல் எவ்வளவு அகலம், உங்களுக்கு எந்தப் பக்கமாகக் கடக்கிறது, அந்த நேரம் கடல் ஏற்றமா இறக்கமா? மேற்கு நோக்கிப் போகும் புயல் உங்களுக்குத் தெற்கே கடந்தால் அதன் வலப்பக்கம், அதாவது பலமான பக்கம், உங்கள் தலையில். காற்று கடலிலிருந்து வரும். கிழக்கே கரையேறினால் காற்று நிலத்திலிருந்து வரும், தண்ணீர் அவ்வளவு ஏறாது. காரை எங்கே நிறுத்துவது என்பதற்கு இது போதும்.

அலை பார்க்க எந்தக் கடற்கரை நல்லது?
– கல்லூரி மாணவர்கள் மூவர்

எதுவும் இல்லை. வீட்டில் இருங்கள். உங்களை மீட்க வருகிறவருக்கும் குடும்பம் இருக்கிறது.

சிக்னல் எல்லாவற்றையும் இறக்கிவிட்டார்கள். அடுத்த நாள் நண்பர்கள் மலைப்பாதையில் நடக்கக் கூப்பிடுகிறார்கள். சிக்னல் இல்லை என்றால் பாதுகாப்புதானே?
– டி. என்., கோவையிலிருந்து போய் ஒரு வருடம்

இல்லை. இல்லவே இல்லை. இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. மறுபடி சொல்கிறேன்.

புயல் சிக்னல் காற்றைப் பற்றிப் பேசும். மழையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாது. மழைக்குத் தனி எச்சரிக்கை: மணிக்கு 30 மில்லிமீட்டரைத் தாண்டினால் மஞ்சள், 50 என்றால் சிவப்பு, 70 என்றால் கறுப்பு. மண்சரிவுக்கும் தனி எச்சரிக்கை. மூன்றும் ஒன்றோடொன்று கட்டுண்டு வருவதில்லை.

2023 செப்டம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தேதி சாவோலா. பத்தாம் எண். பள்ளி திறக்கும் நாளன்று பள்ளி இல்லை. கடைகளில் ரொட்டியும் காய்கறியும் காலி. மறுநாள் எல்லோரும் வெளியே வந்து, மரங்கள் விழுந்திருக்கின்றன, மற்றபடி ஒன்றும் ஆகவில்லை என்று பெருமூச்சு விட்டார்கள். அந்த வாரமே ஹைகுய் என்று இன்னொன்று தைவானைக் கடந்து, ஃபூஜியன் மாகாணத்தில் கரையேறி, வலுவிழந்தது. ஹாங்காங்கில் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை.

7-ஆம் தேதி இரவு. 11 மணி முதல் 12 மணி வரை ஆய்வகத் தலைமையகத்தில் பெய்தது 158.1 மில்லிமீட்டர். செப்டம்பர் முழுவதற்குமான சராசரியில் பாதி, ஒரே மணி நேரத்தில். 1884-லிருந்து அப்படி ஒரு மணி நேரம் இல்லை. வோங் தாய் சின் மெட்ரோ நிலையப் படிகளில் தண்ணீர் அருவியாக இறங்கியது. சாய் வானில் கார்கள் மிதந்தன. கறுப்பு எச்சரிக்கை 16 மணி நேரத்துக்கும் மேல் நீடித்தது. காற்றென்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

கொட்டியது அந்த ஹைகுயின் மிச்சம்தான். நிலத்தில் ஏறிய புயலுக்குக் கடல்சூடு கிடைக்காது, சுழற்சி தளர்கிறது, காற்று அடங்குகிறது. அது சுமந்து வந்த ஈரம் எங்கும் போய்விடுவதில்லை. தென்சீனக் கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று இன்னும் ஈரத்தை ஊட்டுகிறது. அவசரமில்லாமல் நகரும் மிச்சம் ஒரே இடத்தில் மேகத்தின் பின்னால் மேகமாக வரிசை கட்டும். செய்தியில் "வலுவிழந்தது" என்று கேட்டவுடன் நான் கப்பலுக்குக் கவலையை விடுகிறேன், மலையடிவாரத்தில் இருப்பவருக்குக் கவலையைத் தொடங்குகிறேன்.

ஹாங்காங் மலைகள் மழையில் வழுக்கி வருபவை. 1972 ஜூன் 18 அன்று சௌ மவ் பிங்கிலும் போ ஷான் சாலையிலும் சரிந்த மண்ணில் ஒரே நாளில் 138 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் சரிவுகளைக் கவனிக்க 1977-இல் தனி அலுவலகம் வந்தது. சாலையோரம் சிமெண்ட் பூசிய சரிவுகளில் எண் பொறித்த சிறு பலகை இருக்குமே, பார்த்திருக்கிறீர்களா? மனிதன் வெட்டிய சரிவு ஒவ்வொன்றுக்கும் பதிவு எண் உண்டு. ஊர் முழுக்க சுமார் 60,000. இவ்வளவு செய்த ஊரிலேயே இன்னும் மண் சரிகிறது.

புயல் போன பிறகு இரண்டு நாளாவது மலைப்பாதை வேண்டாம். வேர் தளர்ந்த மரம் காற்றில்லாத நாளிலும் விழும். நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு பஜ்ஜி போடுங்கள்.

செப்டம்பரில் அலமாரித் துணியெல்லாம் பூஞ்சை பிடித்தால் என்ன செய்வது?
– பி. எல்., துவென் முன்

அது மார்ச், ஏப்ரல் சமாச்சாரம். செப்டம்பரில் பிடிக்கிறதென்றால் ஏ.சி. தண்ணீர் சுவருக்குள் கசிகிறது. பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

முப்பதாவது மாடி. எட்டு போட்டால் ஜன்னல் தாங்குமா?
– பெயர் வேண்டாம், ஹாங்காங்

எந்தத் திசை ஜன்னல்? தெற்கே கடக்கும் புயலில் காற்று முதலில் வடகிழக்கு, பிறகு கிழக்கு, கடைசியில் தென்கிழக்கு என்று திரும்பும். எட்டுக்குப் பக்கத்தில் திசையைப் போடுவதே இதற்காகத்தான். காலையில் நிம்மதியாக இருந்த அறை மதியம் அடிவாங்கும். பழைய அலுமினிய ஜன்னலில் கண்ணாடியைவிடக் கீல் ஆணிகள்தான் முதலில் போகும். துருப்பிடித்து வெள்ளைப் பொடி உதிர்ந்தால் மாற்றுங்கள். பத்து வருடம் தாண்டிய கட்டடங்களுக்கு 2012 முதல் ஜன்னல் சோதனை சட்டப்படியே உண்டு; நோட்டீஸ் வந்தால் குப்பையில் போடாதீர்கள்.

இனி எழுதுகிறவர்கள் ஊர்ப் பெயரோடு மாடி எண், ஜன்னல் பார்க்கும் திசை, பின்னால் மலையா கடலா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அது இல்லாத கடிதங்களுக்கு அடுத்த மாதம் பதில் கிடையாது.