திரையில் ஒரு மரணம்

1981இல் மேற்கு ஜேர்மன் தொலைக்காட்சி 'ஒரு மாணவனின் மரணம்' என்னும் ஆறு பகுதி நாடகத்தை ஒளிபரப்பியது. எச்சரிப்பதே நோக்கம். ஆயினும் ஒவ்வொரு பகுதியும் அம்மரணத்துடனேயே தொடங்கியது. அதன்பின் அதே வயது இளைஞரிடையே அவ்வாறான தற்கொலைகள் அதிகரித்ததை ஆய்வாளர் கண்டனர்.

2017இல் வெளியான அமெரிக்கத் தொடர் 'தேர்ட்டீன் ரீசன்ஸ் வை'. இறந்த மாணவி ஒலிநாடாக்களில் பேசிக்கொண்டே இருக்கிறாள். தன்னை வருத்தியோரைக் கலங்கவைக்கிறாள். மரணக் காட்சி 2019இல் நீக்கப்பட்டது.

நாம் கற்பது என்ன? மரணம் பழிதீர்ப்பதுமில்லை, பதில் சொல்வதுமில்லை. மனச்சோர்வு குணப்படுத்தக்கூடிய நோய். இதையே நாடகங்கள் அதிகம் காட்டவேண்டும்.

பெற்றோரே, பிள்ளையோடு அமர்ந்து பாருங்கள். "சாகவேண்டும் என்று நினைத்ததுண்டா?" என்று அன்புடன் கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் முளைக்காது, பாரம் இறங்கும். ஆம் என்றால் தனியே விடாது வைத்தியரிடம் அழைத்துச் செல்வோம்.