தொண்டு நிறுவனங்களும் உதவி மானியமும்

(வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் எழுதியது)

கிராம மக்களின் வருவாயைப் பெருக்கும் பணியில் அரசாங்கத்திற்கு உறுதுணையாக நிற்பவை தொண்டு நிறுவனங்கள். மகளிர்க்குக் கைத்தொழில் பயிற்றுவித்தல், உழவருக்குச் சந்தை நிலவரத்தை அறிவித்தல், சுய உதவிக் குழுக்களை அமைத்து வங்கியோடு இணைத்தல் முதலிய காரியங்களை அவை ஆற்றி வருகின்றன. இலாப நோக்கமற்ற இந்நிறுவனங்களுக்குப் பொருளுதவி பெரும்பாலும் மானியமாகவே கிடைக்கிறது. அதனைக் கேட்பது எவ்வாறு, வழங்குவது எவ்வாறு, பயன்படுத்துவது எவ்வாறு என்பவற்றைக் கிராம ஊழியர்களும் சங்கப் பொறுப்பாளர்களும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

மானியத்தின் இயல்பு

கடன் திருப்பிச் செலுத்த வேண்டியது. மானியம் திருப்பிச் செலுத்த வேண்டாதது. ஆயினும் கணக்குக் காட்ட வேண்டியது. கடன் கொடுத்தவருக்குத் தவணை ஒழுங்காக வருவதே போதிய அடையாளம். மானியம் கொடுத்தவருக்கு அத்தகைய அடையாளம் இல்லை. ஆகவே, செலவு விதிப்படி நடந்ததா என்பதை மட்டும் பார்த்து மனநிறைவு கொள்ளும் வழக்கம் எளிதில் ஏற்பட்டுவிடுகிறது.

இதற்கு என் சொந்த அனுபவமே சான்று. சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு சங்கத்திற்குத் தையல் இயந்திரங்கள் வாங்க மானியம் வழங்குமாறு பரிந்துரை செய்தேன். இயந்திரங்கள் வந்தன, மூன்று மாதப் பயிற்சியும் நடந்தது. ரசீதுகளிலோ தணிக்கை அறிக்கையிலோ ஒரு குறையும் இல்லை. மறு ஆண்டு அவ்வழியே சென்றபொழுது பயிற்சிக் கூடம் பூட்டிக் கிடந்தது. பயிற்சி பெற்ற பெண்கள் நடவுக் கூலிக்குத் திரும்பியிருந்தனர். "தைத்ததை எங்கே கொண்டுபோய் விற்பது என்று எவரும் சொல்லவில்லையே, ஐயா" என்றார் அவர்களுள் ஒருவர். மூன்று மாதக் கூலியை இழந்து பயிற்சிக்கு வந்தவர் அவர். அவர் கேட்டதை விண்ணப்பம் என் மேசைக்கு வந்த அன்றே நான் கேட்டிருக்க வேண்டும். காகிதங்களில் பிழையில்லை, பிழை என் ஆய்வில் இருந்தது.

புதுவை அளித்த பாடம்

மானியம் நன்கு பயன்பட்டதற்கு எடுத்துக்காட்டைத் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. சென்னையில் 1988 இல் நிறுவப்பெற்ற எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1991 இல் புதுவைக் கிராமங்களில் 'உயிரிக் கிராமம்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. கீழூர், பிள்ளையார்குப்பம், சிவராந்தகம் ஆகிய ஊர்கள் அதில் முதலில் இடம்பெற்றன. நிலமுடையோர்க்கு மேம்பட்ட பயிர் முறைகளும், நிலமற்றோர்க்குக் கறவை மாடு வளர்ப்பு, காளான் வளர்ப்பு போன்ற தொழில்களும் கற்பிக்கப்பட்டன. ஊரில் எவரிடம் எவ்வளங்கள் உள்ளன என்று பார்த்து, அதற்கேற்பத் தொழிலைத் தேர்ந்தெடுத்தமையே இத்திட்டத்தின் சிறப்பு.

இதன் தொடர்ச்சியாக, 1998 இல் கனடா நாட்டின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையம் அளித்த மானியத்தைக் கொண்டு, வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் நிலையங்கள் நிறுவப்பட்டன. மக்களுக்கு எத்தகவல் தேவை என்று முதலில் விசாரித்தறிந்தனர். விளைபொருள் விலை, இடுபொருள் கிடைக்குமிடம், அரசுத் திட்டங்களின் விவரம் ஆகியன தமிழிலேயே தரப்பட்டன. மின்சாரம் அடிக்கடி தடைப்பட்டதால் சூரிய ஒளித் தகடுகளும் பொருத்தப்பட்டன. ஆனால் இடத்தை அளிக்கும் பொறுப்பு ஊராருடையது. நிலையத்தை நடத்தும் தொண்டர்களும் ஊராரே. அவர்களுள் பெண்கள் பலர். எச்சாதியினரும் தடையின்றி வந்து பயன்பெற வேண்டும் என்பது நிபந்தனை. ஏம்பலத்தில் கோயிலைச் சார்ந்த இடத்திலேயே நிலையம் அமைந்தது.

மீனவ ஊராகிய வீராம்பட்டினத்தில் அலையின் உயரம் பற்றிய செய்தி ஒலிபெருக்கி மூலம் நாள்தோறும் அறிவிக்கப்பட்டது. கடலுக்குச் செல்லலாமா என்று அதைக் கேட்டு முடிவு செய்தனர் மீனவர். அவ்வாறே நல்லவாடு கிராமத்திலும் ஒலிபெருக்கி இருந்தது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் காலை, சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் கடற்பேரலை குறித்துத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் அந்த ஒலிபெருக்கியைக் கொண்டே அறிவிப்புச் செய்ய, மக்கள் கரையை விட்டு வெளியேறி உயிர் தப்பினர். பிழைப்பிற்காக வாங்கிய கருவி உயிரையும் காத்தது. அதனை இயக்க ஊரார் முன்னரே பழகியிருந்ததே அதற்குக் காரணம்.

நிதி கிடைக்கும் வழிகள்

நம் நிறுவனங்களுக்கு நிதி வரும் வழிகள் மூன்று.

முதலாவது அரசாங்கமும் அதனைச் சார்ந்த நிறுவனங்களும். 1982 இல் ஏற்பட்ட நபார்டு வங்கி, 1992 இல் 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. குழுக்களை உருவாக்கும் தொண்டு நிறுவனங்களுக்கு அது மானியம் அளித்து வந்துள்ளது. 2011 இல் தொடங்கிய தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம், குழுக்களுக்கே நேராகச் சுழல் நிதி வழங்குகிறது.

இரண்டாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. 2013 ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135 ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவினை எட்டிய கம்பெனிகள் தம் மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இந்நிதியைப் பெற்றுப் பணியாற்ற விழையும் நிறுவனங்கள், 2021 ஏப்ரல் முதல் மத்திய அரசிடம் இதற்கெனப் பதிவு செய்துகொள்ளுதல் அவசியம்.

மூன்றாவது வெளிநாட்டு நன்கொடை. இது 2010 ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு உட்பட்டது. 2020 இல் செய்த திருத்தத்தின்படி, இந்நன்கொடையை வேறொரு நிறுவனத்திற்கு மாற்றிக் கொடுத்தல் ஆகாது. நிர்வாகச் செலவும் 20 சதவீதத்திற்கு மேற்படலாகாது. பெரிய நிறுவனத்தின் வழியாக நிதி பெற்றுவந்த சிறு சங்கங்கள் இதனைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

மத்திய அரசின் மானியத்திற்கு 2017 ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் பொருந்தும். அதே பணிக்கு வேறிடத்தில் உதவி கேட்டிருந்தால் அதனை மறைக்காது தெரிவித்தல் வேண்டும். மானியத்தால் வாங்கிய சொத்தை அனுமதியின்றி விற்றல் ஆகாது. நிதியாண்டு முடிந்து 12 மாதங்களுக்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் அளித்தல் வேண்டும்.

விண்ணப்பிக்கும் முன் ஐந்து கேள்விகள்

விதிகளைப் பின்பற்றுதல் எல்லோர்க்கும் கடமை. ஆயினும் அது போதாது. சங்கப் பொறுப்பாளர்கள் கீழ்க்காணும் கேள்விகளுக்கு விடை எழுதிய பின்னரே விண்ணப்பத்தில் கையொப்பமிடுதல் நன்று.

1. இத்தொழில் வேண்டுமென்று ஊரார் கேட்டனரா, அன்றி நாமே முடிவு செய்தோமா?

2. உற்பத்தியாகும் பொருளை வாங்குபவர் யார்? எந்த ஊர்ச் சந்தையில், என்ன விலைக்கு?

3. ஊராரின் பங்கு என்ன? இடமா, உழைப்பா, சிறு தொகையா?

4. கருவி பழுதுற்றால் செப்பனிடுபவர் யார்? அதற்குரிய பணம் எங்கிருந்து வரும்?

5. மானியம் நின்ற மறு மாதம் இப்பணியை நடத்துபவர் யார்?

இவற்றுள் ஐந்தாவது கேள்வியே தலையாயது. அதற்கு விடையில்லாத விண்ணப்பத்தை ஓராண்டு தள்ளி வைத்தல் சங்கத்திற்கும் நன்று, மக்களுக்கும் நன்று.

அதிகாரிகளின் கடமை

நாட்டில் சமுதாய நலத் திட்டம் 1952 அக்டோபர் 2 ஆம் நாள் தொடங்கப்பெற்றது. ஐந்தாண்டுகள் கழித்து, 1957 இல், பல்வந்தராய் மேத்தா குழு அதனை ஆராய்ந்து, மக்களின் சொந்த முயற்சியைத் தட்டியெழுப்ப அத்திட்டம் தவறிவிட்டதென்று சுட்டிக்காட்டியது. அன்று கூறப்பட்ட அக்குறை இன்றைய மானியங்களுக்கும் பொருந்தும்.

ஆதலின் அலுவலர்களாகிய நாம் நமக்கென ஒரு வழக்கத்தை மேற்கொள்ளலாம். சான்றிதழில் கையொப்பமிட்டதோடு கோப்பினை மூடிவிடாமல், ஓராண்டு கழித்து மீண்டும் ஒருமுறை அவ்வூருக்குச் சென்று பார்த்தல் வேண்டும். கூடம் திறந்திருக்கிறதா, பெண்களின் கையில் வருவாய் சேர்கிறதா என்று நேரில் அறிந்து, கண்டதை அக்கோப்பிலேயே ஒரு பக்கம் எழுதி வைக்க வேண்டும். அடுத்த விண்ணப்பத்தை ஆராயும்பொழுது அந்த ஒரு பக்கம் நமக்கு வழிகாட்டும். தையல் பயின்ற அப்பெண்களுக்கு, மூன்று கடைகளில் பேசி, பள்ளிச் சீருடை தைக்கும் வேலைக்கு ஏற்பாடு செய்ய எனக்கு எட்டு மாதங்கள் ஆயின. விண்ணப்பத்தைப் படித்த அன்றே முயன்றிருந்தால், அவர்கள் இழந்த கூலி வீண் போயிராது.