அந்த ஒற்றைக் கிண்ணம் வேண்டாம்

ரொறன்ரோவிலிருந்து எழுதிய வாசகருக்கு,

அம்மாவின் நினைவாக யாழ்ப்பாணத்தில் ஆண்டுதோறும் ஓர் இசைப்போட்டி நடத்த விரும்புவதாக எழுதியிருந்தீர்கள். பியானோ, வாய்ப்பாட்டு, வயலின் என்று மூன்று பிரிவு. மூன்றிலும் முதலாவதாக வருகிறவர்களில் ஒருவரைத் தெரிந்து அவருக்குப் பெரிய கிண்ணமும் பணமுடிப்பும். இதில் ஏதாவது பிழை தெரிகிறதா என்றும் கேட்டிருந்தீர்கள். இதே எண்ணம் உள்ளவர்கள் லண்டனிலும் சிட்னியிலும் இருப்பார்கள் என்பதால் பதிலை இதழிலேயே எழுதுகிறேன்.

முதலில், இங்கே போட்டிக்குப் பஞ்சம் இல்லை. கல்வி அமைச்சின் தமிழ்மொழித் தினப் போட்டி பாடசாலையில் தொடங்கி, கோட்டம், வலயம், மாகாணம் என்று படிப்படியாக ஏறி அகில இலங்கை மட்டத்தில் முடிகிறது. அதில் சங்கீதமும் உண்டு. கோயில்களில் பண்ணிசைப் போட்டி நடக்கிறது. 1931 இல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சை வைத்துக் கடைசிப் படியில் ‘கலாவித்தகர்’ பட்டம் கொடுக்கிறது. அது போட்டி அல்ல என்பீர்கள். யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பனுக்குப் பரீட்சையும் போட்டியும் வேறு வேறு என்று யார் சொல்வது? இதற்கு மேல், அரியாலைப் பிள்ளை கில்மிஷா 2023 டிசம்பரில் ஜீ தமிழின் ‘சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்’ போட்டியில் வென்றது முதல், பாடுகிற பிள்ளை உள்ள வீடுகளில் ஆசை இன்னும் ஒரு படி ஏறியிருக்கிறது. அது சினிமாப் பாட்டின் உலகம், நீங்கள் கேட்பது வேறு. இருந்தாலும் பிள்ளையை மேடைக்கு அனுப்பும் வேகம் இரண்டிலும் ஒன்றுதான்.

ஆகவே இன்னொரு போட்டி என்றால், மற்றப் போட்டிகளில் கிடைக்காத எதையாவது அது பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். கிண்ணம் எல்லா இடத்திலும் கிடைக்கும்.

உங்கள் மூன்று பிரிவுகளில் எனக்கு அதிகம் கவலை தருவது வயலின். பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் நம் இசைக்குள் வந்து இருநூறு வருடத்தில் முழுக்க நம்முடையதாகிவிட்ட வாத்தியம் அது. சங்கீதம் படிக்கும் பிள்ளை நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, வயலினின் தலையை வலது காலில் ஊன்றி, தந்திகளை ஸ ப ஸ ப என்று சேர்த்து வாசிக்கும். தேவாலய வாத்தியக் குழுவில் பழகிய பிள்ளை நின்றபடி நாடிக்குக் கீழே வைத்து, வேறு சுருதியில் சேர்த்து, எழுதிய தாளைப் பார்த்து வாசிக்கும். ஒரு பிள்ளை கமகத்தில் மெருகு காட்டப் பார்க்கும், மற்றது சுரம் அசையாமல் நிற்கப் பாடுபடும். ஒன்றில் குணமாக இருப்பது மற்றதில் குற்றம். க.பொ.த. சாதாரண தரத்திலேயே கர்நாடக சங்கீதம் தனிப்பாடம், மேலைத்தேய சங்கீதம் தனிப்பாடம். அரசாங்கமே பிரித்து வைத்ததை ‘வயலின்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் நாம் ஏன் மோதவிட வேண்டும்? இதற்கு மேல் மூன்று பிரிவுக்கும் சேர்த்து ஒரு கிண்ணம் என்பது, கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தையும் ஒடியற்கூழையும் பக்கத்தில் வைத்து எது ருசி என்று நடுவரைக் கேட்பது போல. அந்தக் கிண்ணத்தை விட்டுவிடுங்கள். வயலினை இரண்டாகப் பிரியுங்கள்.

பியானோவின் சங்கடம் வேறு. பியானோவில் தோடியின் காந்தாரத்தை அசைக்க முடியாது என்பதால் அது இந்த மண்ணுக்கு ஒவ்வாது என்று வாதாடுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். உடுவிலில் அமெரிக்க மிஷன் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியது 1824 இல். மிஷன் பாடசாலைகள் வழியாக வந்த இசையும் இந்தக் குடாநாட்டின் இசைதான். சங்கடம் வாத்தியத்தில்தான். நல்ல பியானோ இருப்பது சில பழைய பாடசாலைகளிலும் தேவாலயங்களிலும் வசதியான சில வீடுகளிலும். மற்ற வீடுகளில் இருப்பது 61 விசைக் கீபோர்ட். அதில் பழகிய பிள்ளையைப் போட்டியன்று 88 விசைப் பியானோவின் முன்னால் இருத்தினால், விசையின் பாரத்திலேயே விரல் திகைத்துவிடும். அப்போது பரிசு திறமைக்குப் போகாது, வீட்டில் பியானோ இருக்கிற பிள்ளைக்குப் போகும். உங்கள் பணமுடிப்பில் ஒரு பங்கை இதற்குத் திருப்புங்கள். போட்டிக்கு இரண்டு மாதம் முந்தியே ஒரு பியானோவைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டு, சனி ஞாயிறில் முறை வைத்துப் பழக இடம் கொடுங்கள். உப்புக் காற்றும் வெக்கையும் உள்ள ஊர், சுருதி சீக்கிரம் கலையும். சுருதி சேர்ப்பவரைக் கொழும்பிலிருந்து கூப்பிட நேர்ந்தாலும் கூப்பிடுங்கள்.

பாடுகிற பிள்ளைக்குத் தேவை பக்கவாத்தியம். பல மேடைகளில் சுருதிப்பெட்டி மட்டும் இருக்கும். மிருதங்கம் இருந்தாலும், வாசிப்பவரைப் பிள்ளை முதல் தடவையாகக் காண்பதே மேடையில்தான். ஒரு கீர்த்தனையைச் சேர்ந்து இரண்டு தரம் பார்த்திருந்தால் அந்தப் பிள்ளை எப்படிப் பாடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே பலமுறை சபையில் இருந்திருக்கிறேன். அணிசெய் கலைஞர்களுக்கு ஒத்திகைக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள். பாடத்தெரிவில் ஈழத்தவரின் உருப்படி ஒன்று கட்டாயம் என்றும் போடுங்கள். இணுவில் வீரமணி ஐயர் 72 மேளகர்த்தா இராகங்களிலும் பாட்டுக் கட்டியவர். டி.எம். சௌந்தரராஜன் பாடிய மயிலைக் கற்பகவல்லிப் பாட்டு அவருடையது என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது.

நடுவர் விஷயம் கொஞ்சம் கூச்சமானது. 1960 இல் சு. நடேசபிள்ளை மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையும் மகாராஜபுரம் சந்தானமும் அதிபர்களாக வந்து கற்பித்தார்கள். பின்னர் கல்லூரி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. அங்கே படித்தவர்கள் இன்று ஊர் ஊராக ஆசிரியர்கள். தகுதியான நடுவருக்குக் குறைவில்லை, ஆனால் ஊர் சின்னது. யாரை நடுவராக இருத்தினாலும் மேடையில் அவருடைய மாணவியோ, அவருடைய மாணவியின் மாணவியோ நிற்கும். ஒருவரையாவது மட்டக்களப்பு சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலிருந்து அழையுங்கள். முடிவு எதுவானாலும் வாயை மூடிக்கொண்டு ஏற்கும் நிலைமை உலகத்தில் எங்கும் இல்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1980 இல் வார்சோ ஷோபின் பியானோப் போட்டியில் இவோ பொகொரெலிச்சை இறுதிச் சுற்றுக்கு விடாததால் மார்த்தா அர்கெரிச் நடுவர் குழுவை விட்டே வெளியேறினார். அந்தச் சத்தத்தில் வென்றவரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வென்றவர் வியட்நாமின் டாங் தாய் சோன், அந்தப் போட்டியில் வென்ற முதல் ஆசியர். அமெரிக்கக் குண்டுவீச்சுக் காலத்தில் ஹனோய் இசைப்பள்ளியே கிராமத்துக்கு இடம்பெயர, அங்கே பழகிய பிள்ளை அவர். இடம்பெயர்வு என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கட்டாயம் செய்யுங்கள் என்று நான் கேட்பது ஒன்று. லண்டன் ஏ.பி.ஆர்.எஸ்.எம். செய்முறைப் பரீட்சையில் 150 புள்ளிக்கு 100 எடுத்தால் சித்தி. அந்தத் தாளில் புள்ளியை விட எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு உருப்படிக்கும் கீழே பரீட்சகர் எழுதும் இரண்டு மூன்று வரி: எங்கே நன்றாக வந்தது, எங்கே தளர்ந்தது. நம் போட்டிகளில் பிள்ளைக்கு ‘மூன்றாம் இடம்’ என்ற அறிவிப்போடு எல்லாம் முடிந்துவிடும். நாலாவதாக வந்த பிள்ளைக்கு அதுவும் இல்லை. பங்குபற்றும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நடுவர் கையெழுத்தில் ஒரு தாள் போகட்டும். அதற்காகப் பிள்ளைகளின் தொகையைக் குறைக்க நேர்ந்தாலும் குறையுங்கள், நடுவர்களுக்கு எழுத நேரம் வேண்டும்.

பரிசளிப்புக்குப் பதிலாக மாலையில் ஒரு கச்சேரி வைக்கலாமா என்றும் யோசியுங்கள். கோயில் வீதியில் இரண்டு மேளக்குழுக்கள் விடிய விடியச் சமா வைத்து வாசித்த ஊர் இது. தெட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்டவர்கள் புள்ளித்தாளோடு போய் இருக்கவில்லை. ஒருவர் வாசித்ததற்கு மற்றவர் பதில் வாசித்தார், சனம் தலையை ஆட்டியது. தெரிவான பிள்ளைகள் ஒருவர் வாசிப்பதை மற்றவர் முழுதாக இருந்து கேட்கட்டும். இப்போது தன் முறை முடிந்த கையோடு பிள்ளை ரியூஷனுக்குப் போய்விடுகிறது.

திகதிக்கு ஆவணியைக் குறித்திருந்தீர்கள். நீங்கள் விடுமுறையில் வரும் காலம், விளங்குகிறது. ஆனால் நல்லூரின் இருபத்தைந்து நாளும் அதற்கு முன்பின் மற்றக் கோயில் திருவிழாக்களுமாக மிருதங்கக்காரர் ஒருவரும் கைக்குக் கிடைக்கமாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மிருதங்கத் தோலும் இறங்கும், பியானோவின் சுருதியும் கலையும். தை பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வசதிப்படுமா? குளிரிலிருந்து நீங்களும் தப்பலாம். சம்மதம் என்றால் புரட்டாதிக்குள் எழுதுங்கள். மருதனார்மடப் பக்கம் மண்டபம் ஒன்று விசாரித்து வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பத்தி எழுத்தாளர்