டைல்ஸுக்கு மேல் பூசினால் போதுமா?

2025 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையினால் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மலைச்சரிவுகள் பல இடங்களில் இடிந்து விழுந்தன. நாடு முழுவதிலும் 600 இற்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாகின. வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வந்த குடும்பங்கள் எம்மிடம் கேட்ட கேள்விகள் பல. காணியைப் பற்றிக் கேட்டார்கள். அடகு வைத்த நகையைப் பற்றிக் கேட்டார்கள். பிள்ளைகளின் பாடசாலையைப் பற்றிக் கேட்டார்கள். அவற்றுள் ஒரு கேள்வி மிகச் சிறியதாகத் தோன்றியது. அதையே இவ்விதழின் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

தெல்தெனியவுக்கு அப்பால் மலைச்சரிவில் மிளகும் மரக்கறியும் பயிரிட்டு வாழ்ந்த குடும்பம் அது. மழைக்குப் பின்னர் கட்டுகஸ்தோட்டையில் உறவினர் வீட்டு முன்னறையில் தங்கியிருந்தார்கள். மகள் வெளிநாட்டில் வீட்டுவேலை செய்து அனுப்பிய காசில், பழைய வீட்டோடு சேர்த்து ஒரு குளியலறை கட்டி, வெள்ளை டைல்ஸ் பதித்திருந்தார்கள். வீடு விழவில்லை. பகலில் போய்ச் சேற்றைக் கழுவிப் பார்த்தபோது, குளியலறைத் தரையில் ஒரு வெடிப்பும் சுவர் அடியில் மஞ்சள் கறையும் தெரிந்தன. கண்டியிலிருந்து வந்த ஒரு பாஸ், "ஒன்றையும் கழற்றத் தேவையில்லை, மேலே ஒரு பூச்சுப் பூசினால் புதுசு போல ஆகிவிடும்" என்று கூறியிருக்கிறார். கையில் இருந்த கொஞ்சப் பணத்தை அதற்குக் கொடுக்கலாமா என்பதே கேள்வி. "பூசிவிட்டால் போதும்தானே ஐயா?" என்று அந்தத் தாய் கேட்டார்.

நாம் உடனே பதில் கூறவில்லை. ஏனெனில் இந்த விடயத்தில் நாமும் ஒருமுறை ஏமாந்திருக்கிறோம். எமது பயிற்சி நிலையக் குளியலறையின் டைல்ஸ் மங்கிப் போனபோது, செலவைச் சுருக்குவதாக எண்ணி, மேலே வெள்ளைப் பூச்சுப் பூசுவித்தோம். மூன்று மாதம் பார்க்க அழகாயிருந்தது. எட்டாம் மாதம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, அப்பளம் போல உரிந்தது. கழற்றிப் பார்த்தால், சுவருக்குள் ஒரு குழாய் முழங்கை மாதக்கணக்கில் கசிந்து, பின்னாலிருந்த சாந்து முழுவதும் கையால் பிசையக்கூடிய சேறாகியிருந்தது. பூச்சுக்குக் கொடுத்த காசும் போயிற்று, டைல்ஸும் போயிற்று. பாஸைக் குறைசொல்லிப் பயனில்லை. பார்க்க வேண்டியதை நாம்தான் பார்க்கவில்லை.

மேற்பூச்சு என்பது என்னவென்று முதலில் அறிந்துகொள்வோம். டைல்ஸின் மேலுள்ள சவர்க்காரப் படிவு, எண்ணெய், பழைய சிலிக்கன் யாவற்றையும் நீக்கி, கண்ணாடி போன்ற அதன் மினுக்கத்தைத் தேய்த்தோ அமிலமிட்டோ சொரசொரப்பாக்கி, பிடிப்புப் பூச்சு ஒன்று பூசி, அதன்மேல் எபொக்சி போன்ற இரண்டு கலவைகள் சேர்ந்த நிறப்பூச்சைப் பூசுவது. இது ஒரு தோல் மட்டுமே. தோலுக்கு அடியில் எலும்பு உறுதியாயிருந்தால் இது நல்ல வேலை; பல வருடம் நிற்கும். டைல்ஸ் கறைபட்டிருக்கிறது, நிறம் மங்கிவிட்டது, இடைச்சாந்து கறுத்திருக்கிறது, ஆனால் ஒரு டைலும் ஆடவில்லை, சுவர் காய்ந்திருக்கிறது என்றால், கழற்றி எறிவது வீண்செலவு. தாராளமாகப் பூசலாம். வாடகை வீடென்றால் சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு பூசுங்கள்.

எச்சரிக்கை ஒன்று. இந்தப் பூச்சுகளின் ஆவி பொல்லாதது. பழைய பூச்சை உரிக்கப் பயன்படும் மெதிலீன் குளோரைட் என்னும் திரவத்தால், ஐக்கிய அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரை குளியல் தொட்டி புதுப்பிக்கும் தொழிலாளர் 13 பேராவது இறந்ததாக அந்நாட்டுச் சுகாதார அதிகாரிகள் பதிவு செய்துள்ளனர். காற்றோட்டம் போதாத குளியலறைக்குள் நின்று வேலை செய்தவர்கள் அவர்கள். எமது வீடுகளின் குளியலறைகளும் அப்படிப்பட்டவையே. கதவைத் திறந்து வைத்து, வெளியே ஒருவரை நிறுத்தி வேலை செய்ய வேண்டும். சேறு கழுவும்போது அமிலத்தையும் வெளுப்புத் தூளையும் ஒன்றாகக் கலப்பதும் ஆபத்து. எழும்பும் குளோரின் வாயு நுரையீரலைச் சுட்டுவிடும்.

இனி, பூச்சுப் போதாத இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? விவசாயிக்கு இது புதிய பாடமன்று. மிளகுக் கொடி மஞ்சளித்தால், அனுபவமுள்ளவர் இலைக்கு மருந்தடிக்க ஓடுவதில்லை. தூரைக் கிளறி வேர் அழுகியிருக்கிறதா, நீர் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். டைலும் ஓர் இலைதான்.

முதலில் தட்டிப் பாருங்கள். ஒரு நாணயத்தாலோ கரண்டிக் காம்பாலோ ஒவ்வொரு டைலாகத் தட்டுங்கள். கெட்டியான ஓசை வந்தால் நல்லது. வெறும் பானையைத் தட்டியதுபோல ஓசை வந்தால், அடியில் சாந்து விட்டுப்போயிருக்கிறது. டைலின் முதுகு முழுவதும் சாந்து பூசாமல் நான்கு மூலையிலும் நடுவிலும் பொட்டுப் பொட்டாக வைத்து ஒட்டும் வழக்கம் எமது பகுதியில் அதிகம். வேலை விரைவாக முடியும், ஆனால் இடைவெளிகளில் தண்ணீர் குடியேறும். அங்கொன்று இங்கொன்றாக ஓரிரண்டு டைல்ஸ் இப்படி ஒலித்தால், அவற்றை மட்டும் கழற்றி மீண்டும் பதிக்கலாம். ஒரு பக்கமே வெற்றொலி கொடுத்தால் மேற்பூச்சை மறந்துவிடுங்கள்.

அடுத்து, சுவரின் மறுபக்கத்தைப் பாருங்கள். குளியலறைக்குள்ளே எல்லாம் வெள்ளையாக மினுங்கும். அடுத்த அறைச் சுவரிலோ நிறப்பூச்சு கொப்பளித்து, உப்புப் பூத்து, வெண்பொடி உதிரும். பிளாஸ்ரிக் தாள் ஒன்றை ஒன்றரை அடிச் சதுரமாக வெட்டி, அந்தச் சுவரில் நான்கு பக்கமும் நாடாவால் இறுக ஒட்டி ஒருநாள் விட்டுவையுங்கள். தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்புறம் மட்டும் வியர்த்தால் அது காற்றின் ஈரம். சன்னல் வைத்தால் தீரும். குழாய் கசிகிறதா என்பதையும் அறியலாம். இரவு எல்லாக் குழாய்களையும் மூடி, நீர்மானியின் எண்ணைக் குறித்துவைத்து, விடியற்காலை யாரும் தண்ணீர் எடுக்குமுன் மீண்டும் பாருங்கள். எண் கூடியிருந்தால் எங்கோ நீர் போகிறது. ஈரமான சுவருக்கு மேல் பூசினால், வெளியேற வழியில்லாத ஈரம் பூச்சையே தள்ளி உரித்துவிடும். எமது நிலையத்தில் நடந்தது இதுதான்.

தரையில் தண்ணீர் வடிவாலுக்குப் போகாமல் ஒரு மூலையில் தேங்கினால், அதையும் பூச்சு திருத்தாது. ஓரடிக்குக் கால் அங்குலம் சாய்வாவது வேண்டும். தரையைக் கிளப்பித்தான் ஆகவேண்டும்.

மேலே சொன்னவை எல்லாம் பணத்தோடு முடியும் விடயங்கள். வெடிப்பு அப்படியல்ல.

ஒரு செம்பு விழுந்து ஒரு டைல் வெடித்திருக்கலாம். அந்த வெடிப்பு அந்த டைலுக்குள்ளேயே நிற்கும். ஆனால் ஒரே கோடாக நான்கைந்து டைல்ஸைக் கடந்து, சுவரில் ஏறி, கல்வரிசையைப் படிபோலப் பின்தொடர்ந்து போகும் வெடிப்பு, டைல்ஸின் நோயன்று. அடியிலுள்ள ஏதோ ஒன்று அசைகிறது. நிரப்பிய மண் அமுங்கியிருக்கலாம். மலைநாட்டில் வீட்டுக்கு இடம் பிடிப்பதென்றால், மேட்டை வெட்டி அந்த மண்ணைப் பள்ளத்தில் கொட்டித் தளமாக்குகிறோம். வீடு வெட்டிய பாதியில் நிற்கும். பின்னர் கட்டும் குளியலறை பெரும்பாலும் கொட்டிய பாதியில் நிற்கும். இறுக்காத மண் வருடா வருடம் அமுங்க, குளியலறை வீட்டை விட்டு மெல்லக் கழன்று போகும். போதாததற்கு, குளித்த தண்ணீரைக் குழாய் வைத்துத் தூரமாகக் கொண்டுபோகாமல் அந்த மண்ணுக்குள்ளேயே விட்டுவிடுகிறோம். உறிஞ்சு குழியையும் சரிவின் விளிம்பிலேயே தோண்டுகிறோம். இதை எழுதும்போது எமக்கே சற்று வெட்கமாயிருக்கிறது. கடந்த காலத்தில் எத்தனையோ மலசலகூடங்களுக்கு உதவினோம். தண்ணீர் எங்கே போகும் என்று எல்லா இடத்திலும் கேட்டோமா?

நிலமே அசைவதும் உண்டு. 2020 ஓகஸ்ட் 29 ஆம் திகதி இரவு திகண, ஹாரகம பகுதிகளில் சிறு நில அதிர்வு ஏற்பட்டபோது பல வீட்டுச் சுவர்களில் வெடிப்புகள் காணப்பட்டன. புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியக அதிகாரிகள் வந்து ஆராய்ந்தார்கள். ஊவாவில் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கப் பாதைக்குள் நீர் பெருக்கெடுத்தபோது, பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றி, வீடுகள் வெடித்தன. அங்கும் பலர் முதலில் சீமெந்தால் வெடிப்பை அடைத்துப் பார்த்தவர்களே.

வெடிப்பு நின்றுவிட்டதா, வளர்கிறதா என்பதை நீங்களே அறியலாம். வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதுங்கள். மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வெடிப்புக்குக் குறுக்கே வைத்து, இரு பக்கமும் சீமெந்து அல்லது பசையால் ஒட்டுங்கள். சில வாரங்களுக்குள் கண்ணாடி உடைந்தால் சுவர் அசைகிறது. ஆனால் இது வெயில் காலத்துச் சோதனை. மழை பெய்து கொண்டிருக்கும்போது கண்ணாடி உடைகிறதா என்று காத்திருக்க வேண்டாம்.

குளியலறையை விட்டு வெளியே வந்து, வெடிப்பு போன திசையில் நடவுங்கள். நிலத்தில் பிறை வடிவில் பிளவு தெரிகிறதா? வேலிக் கம்பமும் மரமும் புதிதாகச் சாய்ந்துள்ளனவா? தாங்கு சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா? கதவு இறுகிவிட்டதா? இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பியதா, இருந்த ஊற்று திடீரென வற்றியதா, தெளிந்த நீர் கலங்கியதா? இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பாஸை அழைக்கும் வேலை நின்றுவிட்டது. கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்கு அறிவித்து, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வைக் கேட்க வேண்டும். அதற்குக் கண்டியிலும் மாவட்ட அலுவலகம் உண்டு. அவசரமென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்குப் பேசலாம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை விழுந்தால் விழிப்பாயிருக்கவும், 100 ஐக் கடந்தால் வெளியேற ஆயத்தமாகவும், 150 ஐக் கடந்தால் வெளியேறவும் அந்நிறுவனம் அறிவுறுத்தி வந்துள்ளது. பக்கம் நேரான, அடி தட்டையான போத்தல் ஒன்றை வெட்டவெளியில் வைத்தால் போதும். ஆறு அங்குலம் நிறைந்தால் அதுவே 150 மில்லிமீற்றர்.

அறிவிப்பு இருந்தும் போக இடமில்லாதவர்களின் நிலை வேறு. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை லயன்களை மண் மூடியது. 2005 இலும் 2011 இலும் அங்கிருந்து மக்களை அகற்றும்படி எச்சரிக்கப்பட்டிருந்தது. மாற்றுக் காணியும் வீடும் கையில் கொடுக்காமல் "எழும்பிப் போ" என்றால் ஏழைக் குடும்பம் எங்கே போகும்? ஆகவே ஆய்வு அறிக்கையின் பிரதியை எழுத்தில் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மாற்றுக் காணி கேட்கும்போது உங்கள் கையிலிருக்கும் சான்று அதுதான்.

தெல்தெனியக் குடும்பத்தோடு நாமும் போனோம். டைல்ஸைத் தட்டினோம், ஓசை நன்றாகவே இருந்தது. கறை வெறும் கறைதான். ஆனால் வெடிப்பு வாசற்படிக்கு அடியால் வெளியே போய், மிளகுக் கொடி ஏறிய முருக்க மரங்களுக்கிடையே கைவிரல் நுழையும் அகலத்தில் இருபது அடி ஓடியிருந்தது. அந்தத் தாய் சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்பு உள்ளே போய், கழுவி அடுக்கியிருந்த பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டினார். விண்ணப்பம் மறுநாளே கிராம உத்தியோகத்தரிடம் கொடுக்கப்பட்டது. பூச்சுக்கென வைத்திருந்த பணம் மூன்று மாத வாடகைக்குப் போனது. குளியலறையைப் பற்றி மகளுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்கள்.

குழுவில் பேசுவதற்கு: உங்கள் வீட்டுக் குளியல் நீர் இறுதியில் எங்கே போய்ச் சேருகிறது? உங்கள் ஊரில் கொட்டிய மண்மேல் நிற்கும் வீடுகள் எவை? வெடிப்பை அடைத்து நிறம் பூசிய வீடுகள் உண்டா. அடைத்தபின் அந்த வெடிப்பு மீண்டும் வந்ததா? அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டு வெடிப்புகளின் நீளத்தையும் திகதியையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரவும்.