பேனரில் இருந்தவர்

அன்புள்ள தம்பிக்கு,

ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு, பக்கவாதம், பார்க்கின்சன், தண்டுவடக் காயம் என்று நரம்பு நோயோடு வாழ்கிறவர்களுக்காக டிரஸ்ட் தொடங்கப்போவதாக எழுதியிருந்தாய். வாங்கவேண்டிய சாமான்களின் பட்டியலையும் பார்த்தேன். முதல் வரியில் டிரெட்மில். கழிப்பறை பதினோராவது வரியில். அதைத் தூக்கி முதலில் வை. வீல்சேர் உள்ளே போய்த் திரும்புகிற அளவுக்கு இடமும், சுவரில் பிடித்து எழக் கம்பியும் இல்லையென்றால் பெண்கள் வரமாட்டார்கள். வந்தாலும் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் வருவார்கள்.

அடுத்து ஏசி. சிரிக்காதே. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ள பலருக்கு உடல் சூடு கொஞ்சம் ஏறினாலே பார்வை மங்கும், கால் துவளும். இப்படிப் பார்வை மங்குவதை 1890லேயே ஊட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் கவனித்து எழுதிவைத்திருக்கிறார். சூடு தணிந்தால் பழைய நிலைக்கு வந்துவிடுவார்கள்தான். ஆனால் சித்திரை வெயிலில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே துவண்டுபோனவரை வைத்துக்கொண்டு என்ன பயிற்சி கொடுப்பாய்? அவர்களுக்குக் காலை ஏழு மணியை ஒதுக்கு. டிரெட்மில்லைப் பற்றி மூன்றாம் வருடம் பேசிக்கொள்ளலாம்.

இதெல்லாம் ஆறு மாதத்தில் நீயே தெரிந்துகொள்வாய். நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றைச் சொல்ல.

எங்கள் மறுவாழ்வு மையத்துக்கு அப்போது நான்கு வயது. ஒரு கம்பெனியிலிருந்து சி.எஸ்.ஆர். பணம் வருவதாக இருந்தது. வந்து பார்த்தவர்கள் நல்ல மனிதர்கள். "முன்னால் எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்று இரண்டு படம் கொடுங்கள், போதும்" என்றார்கள். எங்களிடம் ஒரு நெசவாளர் இருந்தார். பக்கவாதம் வந்து, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்த ஆள். ஏழு மாதத்தில் கோலூன்றி வாசல்வரை நடந்தார். அவரைப் படம் எடுத்து வாசலில் ஆறடிக்கு பேனர் கட்டினோம். அவருக்கும் பெருமைதான், வருகிறவர்களிடம் எல்லாம் கோலைத் தூக்கிக் காட்டுவார்.

அடுத்த ஆடியில் அவருக்கு இரண்டாவது தடவை வந்தது. பேச்சும் போனது. மையத்துக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் இருப்பார் என்று நாங்களும் இருந்துவிட்டோம். இரண்டு மாதம் கழித்து வீட்டுக்குப் போனால், தறிக்குப் பக்கத்தில் கட்டிலில் கிடந்தார். தோள் இறுகிவிட்டது. இடுப்புக்குக் கீழே புண் தொடங்கியிருந்தது. ஏன் கூட்டிவரவில்லை என்று அவர் மனைவியிடம் கேட்டேன். "பேனர்ல இருக்கிறவரை இப்படித் தூக்கிட்டு வந்தா உங்களுக்குத்தானே சார் கெட்ட பேரு?" என்றார்.

அன்று சாயங்காலமே பேனரை அவிழ்த்தேன். கயிறு இறுகிப்போய்க் கத்தியால் அறுக்கவேண்டியிருந்தது.

தம்பி, பக்கவாதத்தில் பலர் தேறுவார்கள். பார்க்கின்சனிலும் தசைச்சிதைவிலும் வருடம் போகப்போக இறங்குமுகம்தான். தேறியவர்களின் எண்ணிக்கையை உன் மையத்தின் கணக்காக வைத்தாயானால், இறங்குகிறவர் உன் நஷ்டக் கணக்கில் போய்விடுகிறார். நீ சொல்லாவிட்டாலும் அது அவருக்குப் புரிந்துவிடும். மெல்ல வருவதை நிறுத்திக்கொள்வார்.

நம் ஊர்ப்பக்கத்தில் இந்த வேலைக்கு வழிபோட்டவர்களில் இரண்டு பேர் தேறாதவர்கள். வேலூர் சி.எம்.சி.யில் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தார். பிறகு அங்கே மறுவாழ்வு மருத்துவத் துறையையே வளர்த்தெடுத்தார். ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981இல் தொடங்கிய ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். அவர்களுக்கு முன்–பின் படம் எடுத்திருந்தால் 'பின்' படத்தில் என்ன இருந்திருக்கும்?

அப்படியானால் டோனரிடம் எதைக் காட்டுவது என்று கேட்பாய். எங்கள் வருகைப் பதிவேட்டில் மூன்று பத்தி உண்டு: வந்த நாள், வராத நாள், வராததற்குக் காரணம். நெசவாளர் வீட்டிலிருந்து திரும்பிய மறுநாள் மூன்றாவது பத்திக்குக் கோடு போட்டோம். நோய்தான் காரணமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பாதிக்குமேல் 'ஆட்டோவுக்குக் காசில்லை', 'மகனுக்கு லீவு கிடைக்கவில்லை' என்றே நிரம்பியது. அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஊர் அரிசிமண்டிக்காரர்களிடம் போனேன். கம்பெனி கடைசிவரை கொடுக்கவில்லை. மண்டிக்காரர்கள் இரண்டு ஆட்டோவுக்கு மாத வாடகை கட்டுகிறார்கள்.

பண விஷயத்தில் ஆடிட்டர் சொல்வதைக் கேள், டிரஸ்டுக்கான வரிவிலக்குப் பதிவு, கொடுப்பவருக்கான வரிச்சலுகைப் பதிவு இரண்டையும் தள்ளிப்போடாதே. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடு. வருகிறவர்களிடம் பத்து ரூபாயாவது வாங்கு. சும்மா வாங்கிக்கொள்ளக் கூசுகிறவர்கள் நிறையப் பேர். அப்புறம், 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் பார்க்கின்சனும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் இருப்பது பல வீடுகளுக்குத் தெரியாது. அடையாள அட்டைக்கு எழுதிக்கொடுக்க ஒரு ஆளை வை.

2021இலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோ வீட்டுக்கே வருகிறார். நல்லது. அவர்களோடு போட்டி போடாதே. வரும் பிசியோவின் போன் எண்ணை வாங்கி வைத்துக்கொள். எழ முடியாமல் போனவரை அவர் பார்ப்பார், எழ முடிகிற நாளில் உன்னிடம் அனுப்புவார். வீட்டில் கிடைக்காதது ஒன்றுதான்: தன்னைப் போலவே கை நடுங்குகிற இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது.

நெசவாளர் அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் வந்தார், தூக்கிக்கொண்டுதான். அவரைப் பாயில் விட்டுவிட்டு அவர் மனைவி ஒரு மணி நேரம் சந்தைக்குப் போய்வருவார்.

வியாழக்கிழமை ஒருநாள் வா. அன்றைக்கு பார்க்கின்சன்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து தினசரிப் பேப்பரை உரக்கப் படிப்பார்கள். இந்த நோயில் குரல் சின்னதாகிக்கொண்டே போகும், அதை மீட்கத்தான். எதிரில் இருப்பவருக்குக் கேட்கவில்லையென்றால் "சத்தம் பத்தல" என்று குரல் வரும். பத்தரைக்கு முன்னால் வந்துவிடு. அதற்கப்புறம் காலை மாத்திரையின் வேகம் இறங்கிவிடும், உனக்கு ஒன்றும் கேட்காது.

அன்புடன்,
அண்ணன்